கோணமானி சாரும் என் முழங்கையும்

மதுரையில் யார் முகத்தையும் பார்க்காமல் முப்பது வருடம் வாத்தியார் வேலை பார்த்த ஒரே மனிதர் எங்கள் கோணமானி சார்தான். அவரைப் பொறுத்தவரை மனிதன் என்பவன் இடுப்பில் தொடங்கி உள்ளங்காலில் முடிகிறவன். அதற்கு மேலே இருப்பதெல்லாம் அவன் தூக்கிக்கொண்டு அலைகிற சுமை.

எங்கள் உடற்கல்விக் கல்லூரியில் அவர் எடுத்த பாடத்துக்குக் கினிசியாலஜி என்று பெயர். தமிழில் உடலியக்கவியல். எந்த எலும்பில் எந்தத் தசை ஒட்டியிருக்கிறது, அது இழுத்தால் எந்த மூட்டு எந்தப் பக்கம் திரும்பும், ஒருவன் ஓடும்போதும் எறியும்போதும் உடம்புக்குள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லித்தருகிற பாடம். மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று அளக்க ஒரு கருவி உண்டு. அதுதான் கோணமானி. பள்ளிக்கூடத்து ஜியாமெட்ரி பாக்ஸில் இருக்கும் பாகைமானிக்கு இரண்டு கை முளைத்தால் எப்படியோ அப்படி இருக்கும். மற்ற வாத்தியார்கள் சட்டைப் பையில் பேனா குத்தியிருப்பார்கள். இவர் கோணமானியைக் குத்தியிருப்பார். கையெழுத்துப் போடப் பக்கத்து ஆளிடம் பேனா கேட்பார். பெயர் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. அவருடைய அசல் பெயரை நான் தெரிந்துகொண்டது அவர் ஓய்வுபெற்ற நாளில், விழாப் பேனரில்.

வகுப்பில் அவர் கரும்பலகையில் தொடை எலும்பு வரைந்துகொண்டிருப்பார். முதுகு எங்கள் பக்கம். நாங்கள் ஒவ்வொருவராக உள்ளே வருவோம். திரும்பாமலே, "பாண்டி, அஞ்சு நிமிசம் லேட்டு" என்பார். ஒரு நாள் பாண்டி புதுப்படத்துக்குப் போய்விட்டான். அவனுக்காக நான் குரலை மாற்றி, "உள்ளேன் ஐயா" என்றேன். சார் எலும்பு வரைவதை நிறுத்தவில்லை.

"பாண்டி வலது குதிகால தரையில தேச்சு நடப்பான். இன்னைக்கு அந்தச் சத்தம் உள்ள வரவேயில்ல. குரல் மட்டும் தனியா வந்துருக்கா?"

அதே பாண்டி ஒரு நாள் டீக்கடை வாசலில் நின்று, "வணக்கம் சார்" என்றான். சார் அவனை மேலும் கீழும் பார்த்து, "யாருப்பா நீ?" என்றார். இரண்டு வருடமாக அவர் வகுப்பில் முன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன். பாண்டி நாலடி நடந்து காட்டினான். "அட, பாண்டி! முன்னாடியே சொல்லக் கூடாதா?"

நான் அவரை முதலில் பார்த்தது கல்லூரியில் சேரப் போன அன்று. பேரையூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. அப்பா சின்ன வயதில் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர். பிறகு ஒன்றரை ஏக்கர் மானாவாரி வாங்கிப் பருத்தி போட்டார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மாவட்ட அளவில் ஈட்டி எறிந்து வாங்கிய சான்றிதழ்களை ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு அப்பாவும் நானும் போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். இரண்டு பேர் என் சான்றிதழ்களைப் புரட்டினார்கள். மூன்றாவது ஆள் அப்பாவின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கேட்டு வரைக்கும் போயிட்டு வாங்க."

அப்பாவின் முகம் தொங்கிப்போனது. வெளியே போகச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். "ஏங்கய்யா, பயலுக்கு சீட்டு இல்லையா?"

"சீட்டெல்லாம் இருக்கு. நீங்க நடங்க."

அப்பா வெயிலில் கேட் வரை நடந்துவிட்டு வந்தார். "இன்னொருக்கா" என்றார் சார். அப்பா மறுபடியும் போனார். முதல்வர் சாரின் காதோரம் குனிந்து, "சார், நாம சேக்க வேண்டியது பையனை" என்று நினைவூட்டினார்.

"அண்ணே, எடது இடுப்பு எம்புட்டு நாளா வலிக்குது?"

"வலியா? எனக்கா? அதெல்லாம் இல்லீங்கய்யா."

"எடது கால ஊன்றப்ப ஒடம்பு எடப்பக்கமே சாயுது. கால வச்சதும் கொள்ளிய மிதிச்ச மாதிரி வெடுக்குனு எடுத்துர்றீங்க. வலி இல்லாத ஆளு இப்படி நடக்க மாட்டான்."

அப்பா கொஞ்ச நேரம் மஞ்சப்பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தார். "ரெண்டு வருசமா இருக்குங்கய்யா. பய படிச்சு முடிக்கட்டும்னு சொல்லாம இருந்தேன்."

ஒரே வீட்டில் இருந்த எனக்கு அது தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. ஐந்து நிமிடம் பார்த்த ஆளுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு அவர் மேல் மரியாதை வந்திருக்க வேண்டும். வந்தது கோபம். நாலு பேர் முன்னால் அப்பாவை நடக்கவிட்டுப் பார்க்க இவர் யார் என்று இருந்தது.

கிளம்பும்போது சார், "ஒரு கம்பு வச்சுக்கங்க. வலது கையில பிடிக்கணும்" என்றார். பஸ் திருமங்கலம் தாண்டும் வரை அப்பா யோசித்துக்கொண்டே வந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "வலிக்கிறது எடது காலு. கம்பு வலது கையிலயாம். வாத்தியாருக்கு மண்டையில ஏதோ கோளாறுடா" என்றார். ஒரு வாரம் பிடிவாதமாக இடது கையிலேயே கம்பைப் பிடித்து நடந்தார். அடுத்த தடவை நான் ஊருக்குப் போனபோது கம்பு வலது கைக்கு மாறியிருந்தது. உடம்பு சாய்வதும் குறைந்திருந்தது.

இரண்டாம் வருடம் சார் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். காளவாசல் சந்திப்பில் நின்று ஐம்பது பேரின் நடையைக் கவனித்து எழுத வேண்டும். எங்கள் குழுவில் நாங்கள் பன்னிரண்டு பேர் ஆளுக்கொரு நோட்டுடன் பஸ் ஸ்டாப்பில் நின்றோம். சார் எங்களுடன் நின்றுகொண்டிருந்தார், திடீரென்று காணவில்லை. பார்த்தால், வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் பின்னால் போய்க்கொண்டிருக்கிறார். அந்த ஆள் இடது கையை மட்டும் வீசி நடந்தார். வலது கை விலாவோடு ஒட்டியே இருந்தது. சாருக்கு அது போதும். அந்த ஆள் மிட்டாய்க் கடைக்குள் போனால் சார் வாசலில் நின்றார். தையல் கடைக்குப் போனால் எதிர்க்கடையில் நின்றார். மூன்றாவது சந்தில் அந்த ஆள் சட்டென்று திரும்பினார். நானும் பாண்டியும் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது விசாரணை நடந்துகொண்டிருந்தது.

"யாரு சார் நீங்க? காளவாசல்ல இருந்து என் பின்னாடியே வாரீங்க?"

"ஒண்ணுமில்ல தம்பி. நீங்க பாட்டுக்கு நடங்க."

"நடக்கவா?"

அந்த ஆள் கையை ஓங்கப் போகிறார் என்று நாங்கள் பயந்தோம். ஆனால் அவர் முகத்தில் ஏதோ ஒரு வெளிச்சம் வந்து, குரல் குழைந்துவிட்டது. "சார், நீங்க பொண்ணு வீட்டு ஆளா? என்னைப் பத்தி விசாரிக்க வந்தீங்களா?"

சார் பதில் சொல்வதற்குள் அந்த ஆள் அவரை இழுத்துக்கொண்டு போய் ஒரு கடையில் உட்காரவைத்துப் பருத்திப்பால் சொல்லிவிட்டார். கூடவே எங்களுக்கும். "சார், நான் குடியை விட்டு ஆறு மாசம் ஆச்சு. இந்தத் தெருவுல யார்ட்ட வேணாலும் கேளுங்க. சிகரெட்டு எப்பவாச்சும்தான். அதையும் நிப்பாட்டிருவேன்."

"அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. வலது கைய ஏன் வீச மாட்டேங்கிறீங்க?"

அந்த ஆளுக்கு வேர்த்துவிட்டது. "அது வரைக்கும் அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சா?"

பைக்கில் விழுந்து தோளில் அடிபட்டிருக்கிறது. கட்டுப் பிரித்த பிறகும் பயத்தில் கையைத் தூக்காமலே வைத்திருந்து, தோள் இறுகிவிட்டது. பெண் வீட்டாருக்குச் சொன்னால் சம்பந்தம் தட்டிப்போகும் என்று மறைத்து வந்திருக்கிறார். சார் அந்தக் கடையிலேயே கோணமானியை எடுத்துவிட்டார். கையைத் தூக்கச் சொல்லி அளந்தார். எழுபது டிகிரிக்கு மேல் போகவில்லை. சுவரில் விரல்களை எறும்பு போல ஏறவிட்டு ஒவ்வொரு நாளும் அரை விரற்கடை கூடுதலாக எட்டுகிற பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தார். பருத்திப்பால் குடிக்க வந்தவர்கள் பாதிப் பேர் சுவரில் விரலை ஏற்றிப் பார்த்தார்கள்.

ஐந்து மாதம் கழித்துக் கல்லூரிக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. பன்னிரண்டு பேரும் சாருடன் போனோம். மாப்பிள்ளை மாலையை உயரத் தூக்கிப் பெண்ணின் கழுத்தில் போட்டார். பக்கத்தில் நின்ற சார் தன்னை மறந்து, "நூத்தி அம்பது டிகிரி!" என்று கத்தினார். நாதஸ்வரக்காரருக்கு வைத்திருந்த மைக் அதை மண்டபம் முழுக்கப் பரப்பிவிட்டது. பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் என்னிடம் வந்து, "மாப்ள பெரிய படிப்போ தம்பி? என்ன டிகிரி?" என்று விசாரித்தார். பாண்டி முந்திக்கொண்டு, "நூத்தி அம்பதும் ஒரே கையில வாங்குனதுங்கய்யா" என்றான்.

சாரின் சொந்தக் கல்யாணமே இதைவிட மோசம். செல்லூரில் தறிச்சத்தம் கேட்கிற ஒரு சந்தில் அவர் வீடு. பூர்வீகம் குஜராத் பக்கம், நெசவுக் குடும்பம். வீட்டுக்குள் அவர்களுடைய பாஷை, வாசலுக்கு வந்தால் மதுரைத் தமிழ். சாரின் மனைவி சுசீலாம்மா எங்களுக்குச் சாப்பாடு போட்டுக்கொண்டே அந்தக் கதையைச் சொல்லுவார். பெண் பார்க்கப் போன இடத்தில் சார், "வாசல் வரைக்கும் நடந்துட்டு வரச் சொல்லுங்க" என்றிருக்கிறார். பெண்ணுக்கு ஊனம் இருக்கிறதா என்று சோதிக்கிறான் என்று தாய்மாமன் எழுந்து நின்றுவிட்டார். காபித் தட்டோடு நின்ற சுசீலாம்மாதான், "மொதல்ல அவர நடக்கச் சொல்லுங்க, நான் பாக்குறேன்" என்றிருக்கிறார். சார் நடந்தார்.

"எப்படிம்மா இருந்துச்சு?" என்று பாண்டி கேட்டான்.

"வாத்து மாதிரி இருந்துச்சு. பாவமா இருந்துச்சு, சரின்னுட்டேன்."

சார் ரசத்தில் கண்ணாக இருந்தார்.

இனி என் முழங்கைக்கு வருகிறேன்.

எனக்கு ஈட்டிதான் எல்லாம். பல்கலைக்கழகப் போட்டியில் ஒரு மெடல் வாங்கினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலை என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ஊரில் அப்பாவும் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தார். கடைசி வருடம், ஒரு நாள் மைதானத்தில் நான் எறிவதைச் சார் ஓரமாக நின்று பார்த்தார்.

"மாரி, நீ ஈட்டிய கையால எறியுற."

"பின்ன, காலாலயா சார் எறிவாங்க?"

"ஆமா. கால் தரைய ஒதைக்கணும். அந்த வேகம் இடுப்புக்கு ஏறி, முதுகுக்கு ஏறி, தோளுக்கு வந்து, கடைசியாத்தான் கைக்கு வரணும். உனக்கு இடுப்பு தூங்குது. அம்புட்டு வேலையையும் முழங்கை ஒண்ணே செய்யுது. வலிக்குதா?"

"இல்ல சார்."

அப்பா மாதிரியே சொன்னேன். வலி இருந்தது. முழங்கையின் உள்பக்கம் ஊசி குத்துகிற மாதிரி மூன்று மாதமாக இருந்தது. சார் அழுத்திப் பார்த்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். "ஆறு வாரம் எறியாத. அதுக்குள்ள இடுப்ப எழுப்பலாம்" என்றார். போட்டிக்கு நாலு வாரம்தான் இருந்தது. சரி சார் என்றேன். மறுநாளிலிருந்து அவர் வீட்டுக்குப் போன பிறகு மைதானத்துக்குப் போனேன்.

போட்டி நாளில் முதல் எறி நன்றாகவே விழுந்தது. சார் எப்படியோ தகவல் தெரிந்து வந்து கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றார். நான் அவர் பக்கம் பார்க்கவில்லை. இரண்டாவது எறியில் முழுப் பலத்தையும் கொடுத்தேன். காய்ந்த தென்னமட்டையை ஒடித்த மாதிரி ஒரு சத்தம். அது என் முழங்கைக்குள்ளிருந்து வந்தது என்று புரிய ஒரு விநாடி ஆனது. ஈட்டி எங்கே விழுந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சார் கயிற்றைத் தாண்டி ஓடிவந்தார். ஓடுவது எப்படி என்று வருடக்கணக்காகப் பாடம் எடுத்த மனிதர் அவ்வளவு கோணலாக ஓடுவார் என்று நான் நினைத்ததில்லை. வலியிலும் எனக்கு அது தெரிந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. "சொன்னேன்ல" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆட்டோவில் என் கையைத் தன் மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரை எத்தனையோ வேகத்தடை. ஒன்றில்கூட என் கை அசையவில்லை.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கை வேலைக்கு ஆகும், ஈட்டிக்கு ஆகாது என்றார்.

ஊருக்குப் போய்விட்டேன். கட்டுப்போட்ட கையோடு வேப்பமரத்தடியில் படுத்துக் கிடந்தேன். கல்லூரியிலிருந்து யார் கூப்பிட்டாலும் போனை எடுக்கவில்லை. போலீஸ் வேலை என்ன ஆச்சு என்று ஊரில் கேட்டவர்களுக்கு அப்பாதான் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாவது வாரம் ஒரு காலையில், பஸ்ஸை விட்டு இறங்கி எங்கள் காட்டுப் பாதையில் வாத்து மாதிரி ஒரு ஆள் வந்துகொண்டிருந்தார்.

என்னைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று எழுந்து உட்கார்ந்தேன். சார் என்னைத் தாண்டிப் போய்விட்டார். அப்பாவை நடக்கச் சொல்லிப் பார்த்தார். கம்பு இரண்டு அங்குலம் கூடுதல் நீளம் என்று அரிவாள் கேட்டு வாங்கி அவரே வெட்டினார். பிறகு பருத்திக் காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் போனார்.

"அம்மா, இப்படிக் குனிஞ்சு எடுத்தா முதுகுக்கு ஆகாது. முழங்கால மடக்கி, முதுக நேரா வச்சு எடுக்கணும்."

அம்மா களைக்கொத்தை நீட்டினார். "நீங்க சொன்னா சரியாத்தாங்கய்யா இருக்கும். ஒரு வரிச எடுத்துக் காட்டுங்க. பாத்துக்கிறேன்."

சார் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கினார். புத்தகத்தில் போட்டிருக்கிற படம் மாதிரி முதுகு நேர், முழங்கால் மடக்கு. பத்து செடி தாண்டுவதற்குள் தொடை நடுங்க ஆரம்பித்தது. இருபதாவது செடியில் புத்தகத்தைக் கைவிட்டு அம்மா மாதிரியே குனிந்தார். அம்மா இரண்டு வரிசை முடித்துவிட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தார். சார் ஒரு வரிசையை முடித்தார். முடித்த பிறகு நிமிர முடியவில்லை. அப்பாவும் பக்கத்துக் காட்டுக்காரரும் அவரை அதே கோணத்தில் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் போட்டார்கள். அப்பா நல்லெண்ணெய் காய்ச்சித் தடவினார்.

சார் குப்புறப் படுத்தபடியே அம்மாவிடம் கேட்டார். "எப்படிம்மா நாள் பூரா செய்றீங்க?"

"வலிக்காம இருக்குன்னு யாருங்கய்யா சொன்னா? வலிக்கத்தான் செய்யும். அப்பப்ப நிமிந்து நாலு பேச்சுப் பேசிக்கிருவோம். அம்புட்டுத்தான்."

சார் நோட்டு கேட்டார். படுத்துக்கொண்டே அதை அப்படியே எழுதினார்.

மறுநாள் மதியம் ஓரளவு நிமிர்ந்து கிளம்பினார். பஸ் ஏற்றிவிட நான் போனேன். அதுவரை என்னிடம் அவர் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. புளியமரத்து நிழலில் நின்றோம். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஈட்டி போச்சு சார். இனி அங்க வந்து நான் என்ன செய்ய?"

அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. "உங்கம்மா முதுகு எந்த எடத்துல வளையுது, பாத்தியா?" என்று கேட்டார்.

யோசிக்காமலே வாயில் வந்தது. "முதுகு வளையல சார். இடுப்புல இருந்து அப்படியே மடங்குறாங்க. எடது முழங்கைய எடது தொடையில ஊனிக்கிறாங்க. பாதி பாரம் அதுல எறங்கிருது. நீங்க ரெண்டு கையையும் அந்தரத்துல வச்சிருந்தீங்க. அதான் பிடிச்சிருச்சு."

சார் என்னைப் பார்த்தார். பஸ் வந்து நின்றது. படியில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அந்த முழங்கைய நான் கவனிக்கல" என்றார். கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். "வெள்ளிக்கிழமை லேப்பு இருக்கு. வந்துரு."

வெள்ளிக்கிழமை போய்விட்டேன். அன்று அவர் அறுபது பிள்ளைகள் முன்னால், "நான் இத்தன வருசம் களை எடுக்கிறத பத்தித் தப்பாப் பாடம் நடத்திட்டேன். மாரி சரியாச் சொல்லுவான், கேளுங்க" என்று சாக்பீஸை என் இடது கையில் கொடுத்துவிட்டுப் பின் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். இடது கையால் கோணலாக ஒரு இடுப்பை வரைந்தேன். பிறகு சொன்னேன். அந்த வழியில்தான் இன்று ஒரு அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியனாக இருக்கிறேன். என்னிடம் ஈட்டி கற்றுக்கொண்ட பிள்ளை ஒன்று போலீஸில் இருக்கிறது.

போன வருடம் சாருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம். பேச்சு ஒரு மாதத்தில் திரும்பிவிட்டது. ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த பெண்ணிடம் எந்தத் தசையை எந்த வரிசையில் எழுப்ப வேண்டும் என்று இவர் பாடம் நடத்த, அந்தப் பெண், "சார், இங்க நீங்க பேஷண்ட்டு. பேசாம நடங்க" என்று சொல்லியிருக்கிறது. "நல்ல பொண்ணு, முன்னுக்கு வரும்" என்று எங்களிடம் பெருமையாகச் சொன்னார். எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு நாங்கள் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டோம்.

இரண்டு மாதம் கழித்துச் சுசீலாம்மா போன் செய்தார். குரலில் வழக்கமான கிண்டல் இல்லை.

"மாரி, ஆள் இருந்தா இவர் எந்திரிக்கவே மாட்டேங்கிறாருப்பா. யாராச்சும் வந்தா நாற்காலியிலேயே சிரிச்சுப் பேசி அனுப்பிருவாரு. போன பின்னாடி செவுத்தப் பிடிச்சுக்கிட்டு நடக்குறாரு. நான் பாத்தாக்கூட நின்னுர்றாரு. இப்ப அதையும் விட்டுட்டாரு."

ஊரார் நடையை எல்லாம் வெறித்துப் பார்த்த மனிதருக்குத் தன் நடையை ஒருவர் பார்ப்பது தாங்கவில்லை.

அடுத்த ஞாயிறு போனேன். சார் நாற்காலியில் இருந்தார். சட்டைப் பை காலியாக இருந்தது. பள்ளிக்கூடத்தைப் பற்றி விசாரித்தார். மழையைப் பற்றிப் பேசினார். சார் மழையைப் பற்றிப் பேசி நான் கேட்டதே இல்லை. நடங்க சார் என்று கெஞ்சினால் நடக்க மாட்டார் என்று தெரியும். பஸ்ஸில் வரும்போதே ஒரு பொய் தயார் செய்து வைத்திருந்தேன்.

"சார், அம்மா போன்ல சொன்னத வச்சு யோசிச்சேன். உங்களுக்குத் தொடைத் தசைதான் வேலை செய்யல. அதான் நடக்க முடியல."

"எது? தொடையா?"

"ஆமா சார். சந்தேகமே இல்ல."

"யார்ட்டடா படிச்ச நீ?" சாரின் குரல் பழைய உயரத்துக்குப் போனது. "தொடை நல்லாத்தான் இருக்கு. கணுக்கால்டா! பாதத்தத் தூக்க முடியல, நுனி தரையில தட்டுது. தட்டாம இருக்கத்தான் கால வெளிப்பக்கமா வீசி எடுத்து வைக்கிறேன். இதக்கூட பாக்கத் தெரியாம பிள்ளைகளுக்கு என்னத்தச் சொல்லித் தர்ற?"

"இல்ல சார், எனக்கென்னமோ தொடைன்னுதான்..."

"பார்றா!"

நாற்காலிக் கையை ஊன்றி எழுந்துவிட்டார். இடது கையால் சுவரைப் பிடித்துக்கொண்டார். "இது ஊன்றது. சரியா இருக்கா? இப்ப தூக்குறேன். நுனியப் பாரு, என் மூஞ்சியப் பாக்காத. இப்ப வீசுறேன். இடுப்பு மேல ஏறுதா? எங்க இருக்கு தொடைக்கு வேலை?" விளக்கிக்கொண்டே ஒவ்வொரு அடியாக வைத்தார். அடுப்படி வாசலில் சுசீலாம்மா கரண்டியோடு நின்றார். தெருக்கதவு வரைக்கும் பதினோரு அடி. கதவைத் தொட்ட பிறகுதான் சாருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று உறைத்தது. என்னைப் பார்த்தார். சுசீலாம்மாவைப் பார்த்தார்.

"ஏன்டா, வேணும்னேதான் தப்பாச் சொன்னியா?"

"ஆமா சார்."

"இதுக்கெல்லாம் மார்க்கு கிடையாது, போ."

சுசீலாம்மா அடுப்படிக்குள் போய்விட்டார். உள்ளே பாத்திரங்கள் தேவைக்கு மேல் சத்தம் போட்டன.

அதன்பிறகு ஞாயிறுதோறும் காலையில் செல்லூருக்குப் போகிறேன். முதலில் சந்து முனை வரைக்கும், பிறகு அந்தப் பக்கத்துப் பால்கடை வரைக்கும், இப்போது பாலம் ஏறும் இடம் வரைக்கும் நடக்கிறோம். தறிகளுக்கு ஞாயிறு லீவு என்பதால் சந்து அமைதியாக இருக்கும். சார் முன்னால் போவார். நான் அவருடைய வலது பக்கம் அரையடி பின்னால் போவேன். "இன்னும் எதுக்குடா பின்னாடியே வார?" என்று போன வாரம்கூடக் கேட்டார். விழுந்தால் பிடிக்கத்தான் சார் என்றேன். அவர் விழுகிற கட்டத்தைத் தாண்டி மூன்று மாதம் ஆகிறது. அது அவருக்கும் தெரியும். சரி வா என்று சொல்லிவிட்டு, பேசுவதற்கு வசதியாகக் கொஞ்சம் மெதுவாக நடக்க ஆரம்பித்தார்.